கதவுக்கு ஒரு காலி சிலிண்டர்

அய்யோ, அந்த சத்தமாக்கா? அது நான் தான். நான்னா நான் இல்ல, சிலிண்டர். காலி சிலிண்டர கதவாண்ட இழுத்து வெக்கிறேன், மொசைக் தரைல அது கர்ர்ர்ருனு ஊளையிடுது. உள்ள வாங்க மொதல்ல. உங்க வீட்டு மாடிக்கே வந்துட்டு வாசல்ல இன்னாத்துக்கு நிக்கிறீங்க? கைல அது இன்னா, டார்ச்சா? பூரிக்கட்டையா! அடப்பாவமே. திருடன்னு நெனச்சீங்களா, இல்ல வேற எதனா... ஓ. பேய் பிசாசுக்கு ஓதி ஊதிட்டு வேற வந்தீங்களா. போங்க அஃப்ஸர் அக்கா, இப்ப எனக்கே பயமா இருக்கு.

உக்காருங்க. மெதுவா, பாப்பா இப்ப தான் தூங்கினா. டீ போடறேன். சக்கர கம்மி, தெரியும்.

தெனமும் கேக்குதா கீழ? தெனமும் தான் இழுக்கறேன். எங்க வீட்டுக்காரரு பேரணாம்பட்டு தோல் டேனரிக்கு நைட் ஷிப்ட் கெளம்பிட்டா இந்த மாடில நானும் நாலு வயசு கொழந்தையும் தானே. அவரு பைக்கு தெருமுனை திரும்பறதுக்குள்ள எனக்கு பயம் ஆரம்பிச்சிடும். சிரிக்காதீங்க. நான் எதுக்கு பயப்பட மாட்டேன்னு கேளுங்க, அத சொல்றது ஈஸி. பல்லிக்கு பயம். டிரான்ஸ்பார்மர் உறுமினா பயம். தண்ணி டேங்க் நெறஞ்சு வழிஞ்சா யாரோ மொட்ட மாடில குளிக்கிறாங்கன்னு பயம். கான்வென்ட்ல பன்னெண்டு வருஷம் படிச்சேன். குட் மார்னிங் சிஸ்டர்னு கோரஸா இழுக்கறது, வராண்டால செருப்பு சத்தம் கேட்டா மூச்ச புடிச்சிக்கறது, இந்த ரெண்டு தான் எனக்கு முழுசா வந்துச்சு. மத்த படிப்பெல்லாம் அரகொற தான்.

தாழ்ப்பாவா?

இருக்குதே. இல்லாம எப்டி. போன பெருநாளுக்கு பெயின்ட் அடிக்கறப்ப நீங்க தானே புதுசா மாட்டிக் குடுத்தீங்க.

அது... கொஞ்சம் துரு புடிச்சிருச்சுக்கா. மழைல. நகர மாட்டேங்குது. அய்யோ, ஆசாரிய எல்லாம் அனுப்பாதீங்க, வேணாம், நானே எண்ண விட்டு பாத்துக்கறேன். எழுந்திரிக்காதீங்கக்கா, டீ ஆறிடும், அத போய் இப்ப...

சரி. நல்லா தான் நகருது. வெண்ண மாதிரி நகருது.

இல்ல, விஷயம் இன்னான்னா, பாப்பா தாழ்ப்பாவ போட்டு வெளையாடுவா. உள்ள மாட்டிக்கிட்டான்னா இன்னா பண்றது? ஆமா, எனக்கே எட்டித் தான் போடணும். ஸ்டூல் போட்டு ஏறுவா... ஸ்டூல் எங்க வீட்ல இல்ல, அதுவும் கரெக்ட். அந்த டக்குன்ற சத்தத்துக்கு முழிச்சிக்குவா, அதுக்கோசரம் தான். சிலிண்டர் சத்தத்துக்கு முழிக்காதவளான்னு கேக்கறீங்க.

நல்லா கேளுங்க. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தப்பு கண்டுபிடிக்கறதுக்கு எனக்கு சம்பளம் தர்றாங்க. இவ்ளோ டேமேஜோட ஒரு பொய் என் டேபிளுக்கு வந்திருந்தா, நான் பெட்டியோட திருப்பி அனுப்பிருப்பேன்.

ஷூ கம்பெனில அதான்க்கா என் வேல. செக்கிங். தெச்ச அப்பர், அதான் ஷூவோட மேல் பாகம், லைன்லேர்ந்து என் டேபிளுக்கு வரும். வெளக்குக்கு கீழ திருப்பி திருப்பி பாக்கணும். நல்லா இருந்தா அது பாட்டுக்கு போய்டும், அதுக்கு ஒரு வார்த்த கெடையாது. தையல் கோணலா போன எடம், பசை வழிஞ்ச எடம், தோல்ல ஒரு கீறல், அங்க மட்டும் ஒரு குட்டி செவப்பு ஆரோ ஸ்டிக்கர் ஒட்டணும். இங்க தான் தப்பு, ரிப்பேருக்கு போன்னு அர்த்தம். இதுல நான் தான் லைன்லயே ஃபர்ஸ்ட். பூங்குழலி கண்ணுலேர்ந்து ஒரு முடிச்சு கூட தப்பாதுன்னு சூப்பர்வைசர் சொல்வாரு. அந்த பெருமையோட வீட்டுக்கு வருவேன். வர்றப்ப அந்த கண்ண அங்கயே கழட்டி வெச்சிட்டு வரணும்ல? அதயும் தூக்கிட்டு வந்துட்டேன்.

எங்க தன்விகா பாப்பா சாப்ட்டான்னா தட்டு காலியானது தெரியாது, சிந்தினது தெரியும். எழுதினான்னா கோட்ட தாண்டின எழுத்து தெரியும். ஓடியாந்து கட்டிக்கிட்டான்னா, அய்யோ கை இன்னாடி இப்டி பிசுபிசுன்னு, கழுவிட்டு வா. கொழந்த கட்டிக்க வந்தா கைய மோந்து பாத்து அனுப்பற தாய் உலகத்துலயே நான் ஒருத்தி தான் இருப்பேன். மொதல்ல சொல்லுவேன். அப்புறம் கத்துவேன். உங்களுக்கு கேக்காதா இன்னா, கீழ தானே இருக்கீங்க. கத்தறது தான் உங்களுக்கு கேக்கும். அதுக்கப்புறம் ஒண்ணு இருக்கு, அது அவ்ளோ சத்தம் வராது.

அவ அழுவா. அழாதன்னு இன்னொண்ணு. அழ வெக்கிறதும் நானு, அழாதன்றதும் நானு, அந்த கோர்ட்டுக்கு வக்கீலும் நானு ஜட்ஜும் நானு. அப்புறம் அவ தூங்கினதும் பக்கத்துல உக்காந்து தடவிக் குடுத்து நான் அழுவேன். மறுநாள் காலைல பல்லு வெளக்கறதுலேர்ந்து மறுபடியும் மொதல்லேர்ந்து. நானே எங்கயாவது வேற அம்மா இப்டி பண்றத பாத்தேன்னா திட்டிருப்பேன். இங்கிலீஷ்லயே திட்டிருப்பேன்.

டீ நல்லா இருக்கா? இஞ்சி ஜாஸ்தியா?

ஒரு கட்டத்துல, இனிமே அடிக்கவே கூடாதுன்னு ஒரு பயம் வந்துச்சு எனக்கு. ஏன் வந்துச்சுன்னு... சொல்றேன், இருங்க. கான்வென்ட் மூள வேல செஞ்சுது. அடிக்க வேணாம், கத்த வேணாம், தப்பு எங்க இருக்கோ அங்க ஒட்டிடுவோம், அவளே பாத்து புரிஞ்சிக்கட்டும். ஸ்டிக்கர் ரோல் ஒண்ணு கம்பெனிலேர்ந்து பைல போட்டு எடுத்தாந்தேன். சிந்தின சோத்தாண்ட ஒரு ஆரோ. செவுத்துல கிறுக்கின எடத்துல ஒண்ணு. பித்தான் மாத்தி போட்ட கவுன்ல ஒண்ணு. ஒரு வாரத்துல வீட்டுக்கே அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு. நீங்க கூட பாத்துட்டு, பாப்பாக்கு பர்த்டேவான்னு கேட்டீங்களே! நானும் ஆமா ஆமான்னு பல்ல காட்டினேன், நீங்க போய் சாக்லேட் வாங்கியாந்து குடுத்தீங்க. அவ பொறந்தது ஜூன்லக்கா. அந்த சாக்லேட்டுக்கு சாரி.

ஒரு நாள் குளிச்சிட்டு வந்து பாக்கறேன், அந்த ரோல எடுத்து வெச்சிக்கிட்டு அவ மேலயே ஒட்டிட்டு உக்காந்திருக்கா. முட்டில, கன்னத்துல, தொப்புளாண்ட, நெத்தில. உடம்பு பூரா செவப்பு. இன்னா பண்றடின்னேன். அம்மா, நான் ரிப்பேருக்கு போறேன்னா. அழல. சந்தோஷமா சொல்றா, ஊருக்கு போறவ மாதிரி. கடைசியா ஒண்ணு பாக்கி இருந்துச்சு. என் வலது கைய இழுத்து உள்ளங்கைல ஒட்டினா. இந்த கையும் என்கூட ரிப்பேருக்கு வரட்டும்னு சொன்னா.

அதான்க்கா. அதுக்கு தான் சனிக்கிழம ஆனா அவள கூட்டிட்டு சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறுறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ்னு உங்ககிட்ட சொன்னது பொய். கான்வென்ட்ல படிச்சவ எதுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு போறா, அதுவும் கொழந்தையோடன்னு நீங்க யோசிச்சிருப்பீங்க, மரியாதைக்கு கேக்கல. அது சின்ன கொழந்தைங்கள வளக்கறவங்களுக்கு ஒரு கிளாஸ். விஜயகுமாரி மேடம்னு ஒருத்தங்க நடத்தறாங்க. கெட்டுப்போன பழக்கத்த மாத்தறதுக்கு. கொழந்தையோட பழக்கத்தன்னு நெனச்சிக்கிட்டு தான் மொத நாள் ஜம்முனு போனேன். இவள சரி பண்ணிக் குடுங்க மேடம்னேன். அவங்க இவளுக்கு ஒரு பெட்டி வெளையாட்டு கட்டைய குடுத்துட்டு, என்ன பாத்து, நீங்க உக்காருங்கன்னாங்க.

வெளையாடணும், அவ்ளோ தான். தெனம் கொஞ்ச நேரம், அவ இஷ்டத்துக்கு. அப்போ கேள்வி கேக்கக் கூடாது, இத செய் அத செய்னு சொல்லக் கூடாது, கொற சொல்லக் கூடாது. அவ செய்றத அப்டியே சொல்லிட்டு வரணும், கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி. இன்னா பெரிய விஷயம்னு ஆரம்பிச்சேன். தன்விகா செவப்பு கட்டைய எடுக்கறா. பச்ச மேல வெக்கிறா. ஏன்டி கோணலா வெக்கிற? பின்னாடிலேர்ந்து மேடம் ஒரு இருமல். மறுபடியும். தன்விகா அழகா அடுக்கறா, ஆனா... இன்னொரு இருமல். அன்னிக்கு பூரா அந்தம்மா இருமிட்டே இருந்தாங்க, பக்கத்துல பேரணாம்பட்டுலேர்ந்து பீடி சுத்தற தனகோடின்னு ஒரு அக்கா வரும், அது விஷயம் தெரியாம மேடத்துக்கு மிட்டாய் குடுத்துச்சு, தொண்டைக்கு நல்லதுன்னு.

இப்ப பரவால்ல. இப்ப இருமல் கம்மி. கை துறுதுறுங்கறப்ப பாக்கறத வாய் விட்டு சொல்லுங்க, ஒரு அடி பின்னாடி போங்கன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. கிளாஸ்ல நல்லா வருது. வீட்ல வருமான்றது தான் பேஜார்.

இன்னிக்கு இன்னா நடந்துச்சு தெரியுமா? அவரு கெளம்பினப்புறம் துணி எடுக்க மொட்ட மாடிக்கு போனேன். திரும்பி வந்தா இவ சமையக்கட்டுல உக்காந்திருக்கா, முழங்கை வரைக்கும் தோச மாவு. அவளோட ஸ்கூல் ஷூ ரெண்டும் மாவு குண்டான்ல மெதக்குது. மேல ஒரு கை மஞ்சத்தூளு, ஒரு கை உப்பு. அவ பாட்டுக்கு ரெண்டு கையையும் விட்டு சுத்தறா. அரைச்சு இன்னும் பொங்கக் கூட இல்லக்கா அந்த மாவு. எனக்கு உச்சந்தலைலேர்ந்து ஒண்ணு எறங்குச்சு பாருங்க. கை மேல போய்டுச்சு. நான் தூக்கல, அதுவா போச்சு. அதுக்கு வழி தெரியும்ல.

அவ நிமிந்தா. என் மூஞ்சிய பாக்கலக்கா. கைய தான் பாத்தா. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, தோள காது வரைக்கும் ஏத்திக்கிட்டு, ரெடியா உக்காந்திருக்கா.

கத்த தான் வாய தெறந்தேன். வந்தது இன்னா தெரியுமா? கமென்ட்ரி. தன்விகா ஷூவ மாவுல போட்டிருக்கா. மஞ்சத்தூள் போட்டிருக்கா. உப்பு போட்டிருக்கா. தன்விகா நல்லா கலக்கறா. ஒடஞ்ச ரேடியோ மாதிரி கொரகொரன்னு என் கொரலு. கண்ணுல தண்ணி ஊத்துது. கை இன்னும் மேலயே தான் நிக்குது, பஸ்ஸ நிறுத்தறவ மாதிரி. யாராவது பாத்திருந்தா வேலூர் மென்டல் ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு போயிருப்பாங்க என்ன.

அவ ஒரு கண்ண மட்டும் தெறந்தா. அம்மா, தோல் ஊறுதுன்னா. அப்பா டேனரில ஊற வெக்கிறாருல்ல, ஊறினா மெத்துன்னு ஆயிடுமாம், அப்ப ஷூ கடிக்காதுன்னா.

ஷூ கடிக்குது ஷூ கடிக்குதுன்னு எத்தினி நாளா சொல்லிட்டிருந்தா தெரியுமா? ஸ்கூலுக்கு போகாம இருக்க சாக்கு சொல்றான்னு, காலத் திணிச்சு திணிச்சு நான் அனுப்பிட்டிருந்தேன். ஷூவ மாவுலேர்ந்து எடுத்து கழுவி உள்ள வெரல விட்டு பாக்கறேன், பின் பக்கம் தையல் முடிச்சு ஒண்ணு ஆணி மாதிரி துருத்திட்டு நிக்குது. அவ குதிகால்ல கொப்புளம் ஒடஞ்சு காஞ்சு, மறுபடியும் ஒடஞ்சிருக்கு. சாக்ஸ்ல கறை இருந்துச்சுக்கா. நான் அத தொவச்சிருக்கேன். கறைக்கு திட்டியும் இருக்கேன். எந்த தேசத்துலயோ எவன் காலுக்கோ போற ஷூல ஒரு முடிச்சு விட மாட்டேன், லைன்லயே நான் ஃபர்ஸ்ட்!

கை எப்ப எறங்குச்சுன்னே தெரியல. கவனிச்சப்ப அது அவ கால புடிச்சிட்டிருந்துச்சு.

இதுக்கும் தாழ்ப்பாக்கும் இன்னா சம்பந்தமா? நீங்க டீச்சரா போயிருக்கணும்க்கா. விட மாட்டீங்க.

திருடனுக்கு பயம் தான், அது பொய் இல்ல. அதான் சிலிண்டரு. எவனாவது தள்ளினா சத்தம் போடும். நெறஞ்ச சிலிண்டர் ஒண்ணு சமையக்கட்டுல இருக்கு, அத வெச்சா ஒருத்தனாலயும் நகத்த முடியாது. ஆனா அத வெச்சா நீங்களும் வர முடியாதே. காலி சிலிண்டர்னா நீங்க ஒரு கைல தள்ளினா நகந்துடும். நான் வெளில நின்னு தள்ளிப் பாத்திருக்கேன்.

அன்னிக்கு தால்ச்சா கொழம்பு கொண்டாந்தீங்களே, ஞாபகம் இருக்கா? கதவு சும்மா சாத்தியிருந்துச்சு, தட்டாம தள்ளிட்டு வந்துட்டீங்க. நான் சமையக்கட்டு வாசல்ல கரண்டியோட நின்னிட்டிருந்தேன். தாளிக்கறியாம்மான்னு கேட்டீங்க. ஆமான்னேன். அடுப்புல ஒண்ணுமே இல்லக்கா அன்னிக்கு. கரண்டிய மட்டும் தான் காய வெச்சிருந்தேன். அவ எனக்கு பின்னாடி, மூலைல இருந்தா. பால கொட்டிட்டா, அவ்ளோ தான் பண்ணா. நீங்க ஒரு நிமிஷம் லேட்டா வந்திருந்தா, இல்ல தாழ்ப்பா போட்டிருந்தா...

நீங்க கிண்ணத்த நீட்டினீங்க. கிண்ணத்த வாங்கறதுக்கு கரண்டிய கீழ வெச்சேன்.

அடிக்கவே கூடாதுன்னேனே, அந்த பயம் அன்னிக்கு வந்தது தான். அன்னிலேர்ந்து தாழ்ப்பா போடறதில்ல. திருடன் வந்தா வரட்டும், அவன் கம்மல எடுத்துட்டு போவான். உள்ள இருக்கறவள இன்னா பண்றது? கதவு தெறந்திருந்தா நீங்க வரலாம்ல. தால்ச்சாவோட வரலாம், பூரிக்கட்டையோட வரலாம்.

அழாதீங்கக்கா. நீங்க அழுதா நான் இன்னா பண்ணுவேன்.

பாப்பாவயா? கீழ தூக்கிட்டு போறீங்களா? தரேன். எப்ப கேட்டாலும் தரேன், கேள்வியே கேக்க மாட்டேன். இன்னிக்கு வேணாம். இன்னிக்கு கதவு தெறந்து தான் இருந்துச்சு, ஆனா யாரும் வரல. யாரும் வராமயே கை எறங்குச்சு. ஒரு வாட்டி தான். ஒரு வாட்டின்னா ஒரு வாட்டி தானே, அத வெச்சு பெருமை அடிச்சிக்கல.

அவருக்கு தெரியாது. ஞாயித்துக்கிழம லீவு அவருக்கு, நானே சொல்றேன். நீங்களும் வந்து உக்காருங்க, இல்லன்னா பாதில பல்லிய பத்தி பேச ஆரம்பிச்சிடுவேன். மேடத்துக்கு தெரியும். மொத நாளே சொல்லிட்டேன். அவங்க இருமல.

கெளம்பறீங்களா? ஒண்ணு மட்டும் பண்ணுங்க. பாப்பா அழுற சத்தமோ என் கத்தலோ கேட்டா, குடும்ப விஷயம்னு சும்மா இருக்காதீங்க. வந்து தட்டுங்க. பூங்குழலின்னு என் பேர சொல்லி கூப்டுங்க. தெறக்கறேன். அது வாக்கு. தெறக்கலன்னா கத்துங்க, தெருவே வரட்டும். எதிர் வீட்டு அக்தரி பேகம் அக்கா வரட்டும், அவங்க வந்தா திருடனே ஓடிடுவான்.

பாத்து எறங்குங்க, லைட்டு போடறேன். பூரிக்கட்டைய விட்டுட்டு போறீங்களே, இந்தாங்க.

அக்கா, நில்லுங்க. அந்த படிலயே நில்லுங்க. நான் கதவ சாத்தினதும் போய்டாதீங்க. என் கொரல் கேக்குதா? உம், இருங்க. எட்டணும்ல, அதான். பாப்பா திரும்பி படுக்கறா, முழிக்கல. பூங்குழலி தாழ்ப்பாவ புடிச்சிருக்கா. பூங்குழலி தள்றா.

கேட்டுச்சா? போட்டுட்டேன்க்கா. நீங்க போய் படுங்க.